மொட்டை மாடி சென்சார் பச்சை காட்டுது, கொடியில காயுற துணி சாம்பல் ஆகுது: எதை நம்புறது?

எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை அப்படியே போடாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.

இந்த வாரம் சர்வர் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது. தூசி பத்திப் பேசப் போறோம். காத்துல மிதக்குற தூசியை அளக்குற கருவி இருக்கு இல்லையா, அந்தக் கருவியையே எப்படி அளக்குறது? இதுதான் இன்னைக்கு விஷயம்.

எங்க அப்பார்ட்மென்ட் தென்சென்னையில இருக்கு. காம்பவுண்டுக்குப் பின்னாடி ஒரு ரெடி மிக்ஸ் கான்கிரீட் பிளான்ட். லாரி போகும், வரும், ஜல்லி கொட்டுவாங்க, சிமென்ட் ஏத்துவாங்க. அசோசியேஷன் செயலாளர் ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். அவரோட பேத்திக்கு அடிக்கடி வீசிங் வரும். அவர்தான் ஒருநாள் லிஃப்ட்ல பிடிச்சு, "தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, இந்தத் தூசியை அளக்க ஏதாவது மெஷின் வாங்கி வை. நம்பர் கையில இருந்தாதான் புகார் குடுக்க முடியும்"னு சொன்னார். "சரி அங்கிள், ரெண்டு வாரத்துல பண்ணிடலாம்"னு நானும் சொல்லிட்டேன். அந்த ரெண்டு வாரம் நாலு மாசம் ஆச்சு.

நான் வாங்கினது பிளான்டவர் கம்பெனியோட பிஎம்எஸ்5003 சென்சார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, வைஃபை, நானே எழுதின ஒரு டேஷ்போர்டு. முதல் வாரம் பெருமையா இருந்தது. வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் போட்டேன், எல்லாரும் கட்டை விரலைத் தூக்கினாங்க. அடுத்த வாரம் எங்க அம்மா மாடிக்குக் கூப்பிட்டாங்க. கொடியில காயப் போட்ட வெள்ளை பெட்ஷீட்டைத் தட்டினாங்க. பொடி பறந்தது. "டேய், உன் மெஷின் இப்ப என்ன சொல்லுது?"

போன்ல பார்த்தேன். பச்சை. காற்று நல்லா இருக்காம்.

சாஃப்ட்வேர்ல இருக்குற நமக்கு இது பழகின சங்கடம்தான். எல்லா டெஸ்ட்டும் பாஸ், யூசருக்கு ஆப் திறக்கவே இல்லை. அப்படின்னா டெஸ்ட் எதை டெஸ்ட் பண்ணுதுன்னு போய்ப் பார்க்கணும்.

முதல்ல, பிஎம் 2.5 அப்படின்னா என்ன?

காத்துல மிதக்குற துகள்கள்ல, 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் விட்டம் இருக்குறதோட எடை, ஒரு கன மீட்டர் காத்துக்கு எத்தனை மைக்ரோகிராம். இதுதான் பிஎம் 2.5. 10 மைக்ரான் வரைக்கும் எடுத்தா பிஎம் 10. புகை பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் கீழ இருக்கும். ஜல்லி உடைச்ச தூசி, சாலைப் புழுதி இதெல்லாம் பெரும்பாலும் 2.5க்கு மேல.

அந்த "எடை"ங்கிற வார்த்தையைக் கவனிச்சு வச்சுக்குங்க. எடைன்னா எடை போடணும் இல்லையா? நிஜமாவே போடுறாங்க. அதுதான் உலகம் முழுக்க ஆதாரமா வச்சிருக்குற முறை. 47 மில்லிமீட்டர் அகலத்துல ஒரு டெஃப்லான் ஃபில்டர். அதை முதல்ல எடை போட்டுக் குறிச்சு வச்சுக்கணும். ஒரு பம்ப் நிமிஷத்துக்கு 16.67 லிட்டர் காத்தை அது வழியா இழுக்கும். ஏன் இந்த விசித்திரமான நம்பர்? ஒரு மணி நேரத்துக்கு சரியா ஒரு கன மீட்டர் வரும், அதான். 24 மணி நேரத்துல 24 கன மீட்டர். அப்புறம் ஃபில்டரைத் திரும்ப எடை போட்டு, கூடின எடையை 24ஆல் வகுத்தா விடை.

நம்ம நாட்டுல பிஎம் 2.5க்கு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். காத்து சரியா அந்த வரம்புல இருக்குன்னு வைங்க. 24 பெருக்கல் 60, 1,440 மைக்ரோகிராம். அதாவது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. ஒருநாள் முழுக்க பம்ப் ஓடி, அவ்வளவு காத்தை இழுத்து, கிடைக்கிறது ஒரு சிட்டிகைக்கும் கீழ. இதை மைக்ரோகிராம் வரைக்கும் காட்டுற தராசுல, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தின அறையில எடை போடுறாங்க. அமெரிக்க முறையில ஃபில்டரை 20லேர்ந்து 23 டிகிரி, 30லேர்ந்து 40 சதவீத ஈரப்பதத்துல குறைஞ்சது 24 மணி நேரம் வச்சிருந்துதான் தராசுக்கே கொண்டு போவாங்க. ஏன்னா ஃபில்டர்ல இருக்குற உப்பு தண்ணியை இழுத்தா, தண்ணியும் சேர்ந்து தூசிக் கணக்குல வந்துடும்.

நம்ம சென்சார் என்ன பண்ணுது? எடையே போடலை. ஒரு சின்ன ஃபேன் காத்தை உள்ள இழுக்குது, லேசர் ஒளி அது மேல படுது, துகள் சிதறடிக்குற வெளிச்சத்தை ஒரு ஃபோட்டோடயோடு பிடிக்குது. அந்த வெளிச்சத்துலேர்ந்து, கம்பெனி உள்ள வச்சிருக்குற ஒரு கணக்கு மூலமா எடையை ஊகிக்குது. அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. கருப்புப் பெட்டி. நாம கேக்குறது எடை, அது பார்க்குறது வெளிச்சம். மத்த எல்லாக் குழப்பமும் இங்கேர்ந்துதான் கிளம்புது.

மூணு சென்சாரும் ஒரே மாதிரி சொன்னா?

எனக்கு முதல்ல தோணினது, சென்சார் பழுதோ? இன்னும் ரெண்டு வாங்கினேன். மூணையும் ஒரே பெட்டியில, ஒரே உயரத்துல, ஒரே திசை பார்த்து வச்சேன். இந்தத் துறையில இதுக்குப் பேர் கோ-லொகேஷன். அதாவது அக்கம் பக்கமா வச்சு ஓட விடுறது. கேக்க சாதாரணமா இருக்கு. ஆனா களத்துல ஒரு கருவியோட நம்பகத்தன்மையை அளக்க இதை விட அடிப்படையான வழி இல்லை. அமெரிக்காவுல அரசு ஃபில்டர் கருவிகள்லயே, ஒவ்வொரு வகையிலும் 15 சதவீத இடங்கள்ல பக்கத்துலயே ஒரு ஜோடிக் கருவி வைக்கணும், அது 12 நாளுக்கு ஒருதடவை ஓடணும்னு விதியே இருக்கு.

கணக்கு இப்படி. ஒரு நாள் சராசரியில ஒண்ணு 40 காட்டுது, இன்னொண்ணு 46. ரெண்டுக்கும் நடு 43. வித்தியாசம் 6. 6ஐ 43ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 14 சதவீதம். இதை ரூட் இரண்டால் வகுக்கணும், சுமார் 10 சதவீதம் வரும். ஏன் ரூட் இரண்டு? அந்த வித்தியாசத்துக்குள்ள ரெண்டு கருவியோட தடுமாற்றமும் கலந்திருக்கு. நமக்கு வேண்டியது ஒரு கருவியோட தடுமாற்றம் மட்டும். இப்படி நிறைய நாளுக்குப் பண்ணி, மொத்தமாச் சேர்த்துப் பார்த்தா வர்றதுதான் பிரிசிஷன். அரசு பிஎம் 2.5 கருவிகளுக்கு அமெரிக்கா வச்சிருக்குற இலக்கு 10 சதவீதம். மலிவு சென்சாருக்கு அவங்களே 2021ல ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதுல 30 சதவீதம் வரைக்கும் பரவாயில்லைன்னு சொல்றாங்க, ஆனா அந்த நம்பரை வச்சு சட்ட நடவடிக்கை எடுக்கக் கூடாது, தகவலுக்கு மட்டும்.

என் மூணு சென்சாரும் நல்லாவே ஒத்துப்போச்சு. கிராஃப்ல மூணு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி அங்கிளுக்கு ஃபோன் பண்ணி, "அங்கிள், மெஷின் சரியாத்தான் இருக்கு, மூணும் ஒண்ணே சொல்லுது"ன்னேன்.

அவர் பேங்க்ல முப்பது வருஷம் ஆடிட் பார்த்தவர். "தம்பி, மூணு பேரும் ஒரே லெட்ஜரைப் பார்த்து எழுதினா மூணும் ஒண்ணாத்தான் இருக்கும். டேலி ஆகுதான்னு கேஷ் பெட்டியைத் திறந்துதானே பார்க்கணும்?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. ஒரே கோடை மூணு சர்வர்ல ஓட விட்டு, மூணும் ஒரே விடை குடுக்குது, அதனால பக் இல்லைன்னு சொன்ன மாதிரி ஆகிப்போச்சு. மூணும் ஒரே கம்பெனி, ஒரே லேசர், ஒரே கருப்புப் பெட்டிக் கணக்கு. தப்பு பண்ணினா மூணும் சேர்ந்துதான் பண்ணும். பிரிசிஷன் வேற, பயஸ் வேற. பயஸ்னா நிஜத்துலேர்ந்து ஒரே பக்கமா எவ்வளவு விலகுதுங்கிறது. அதை ஜோடி சென்சார் சொல்லாது. கேஷ் பெட்டிதான் சொல்லும்.

ஆனா ஜோடி வைக்குறது வீண் இல்லை, அதையும் சொல்லிடுறேன். பர்ப்பிள்ஏர்னு வெளிநாட்டுல பிரபலமான கருவியில, இதே பிளான்டவர் சென்சார் ரெண்டு ஒரே உறைக்குள்ள இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஏதோ ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அந்த டேட்டாவைத் தூக்கிடலாம். ஒரு மாசம் கழிச்சு என் மூணுல ஒண்ணு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. பெட்டியைத் திறந்தா, உள்ள ஒரு பல்லி குடும்பம் நடத்துது. சென்சார் வாயில எட்டுக்கால் பூச்சி வலை. ஜோடி இல்லாம இருந்திருந்தா அதை நான் மாசுன்னு நம்பி வாட்ஸ்அப்புல போட்டிருப்பேன்.

கேஷ் பெட்டியைத் தேடி

சென்னையில மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட தானியங்கி நிலையங்கள் ஆலந்தூர் பஸ் டிப்போ, மணலி, வேளச்சேரி இங்கெல்லாம் இருக்கு. இந்த மாதிரி தானியங்கி நிலையங்கள்ல பரவலா பயன்படுறது பீட்டா கதிர் முறை. ஒரு நாடா மேல தூசி சேரும், கார்பன்-14லேர்ந்து வர்ற பீட்டா கதிர் அது வழியா எவ்வளவு குறைஞ்சு வருதுன்னு பார்த்து எடையைச் சொல்லும். மணிக்கு மணி நம்பர் கிடைக்கும், வெப்சைட்ல யாரும் இறக்கிக்கலாம். நம்ம பெட்டியை அந்த நிலையத்துக்கு உள்ள வைக்க விட மாட்டாங்க. அதனால முதல்ல கிட்ட இருக்குற நிலையத்தோட டேட்டாவை இறக்கி என் டேட்டாவோட ஒப்பிட்டேன்.

ஆர்-ஸ்கொயர் படு மோசம். கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லாத ரெண்டு தொடர் மாதிரி இருந்தது. ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். கடைசியில என்னன்னா, என் சர்வர் யுடிசி நேரத்துல எழுதுது, அரசு டேட்டா இந்திய நேரத்துல இருக்கு. அஞ்சரை மணி நேரம் தள்ளி ஒப்பிட்டிருக்கேன். சிரிக்காதீங்க. இன்னொண்ணும் இருக்கு: "8 மணி"ன்னு போட்டிருந்தா அது 7லேர்ந்து 8 வரைக்குமா, 8லேர்ந்து 9 வரைக்குமா? அது தெரியாம ஒப்பிட்டா, நல்ல கருவிகூட கெட்ட பேர் வாங்கும்.

நேரத்தைச் சரி பண்ணினதும் நல்லா ஒத்துப்போச்சு. போகி வேற நடுவுல வந்தது. அன்னைக்கு விடியற்காலை டயர், பாய் எல்லாம் எரிச்சு ரெண்டு கிராஃபும் விண்ணுக்குப் போச்சு. ஆர்-ஸ்கொயர் ஒரே நாள்ல கிடுகிடுன்னு ஏறினதும் எனக்கு சந்தோஷம் தாங்கலை. அப்புறம் போகியை மட்டும் எடுத்துட்டு மறுபடி கணக்குப் போட்டேன். பொத்துனு இறங்கிடுச்சு.

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா சென்சார் விக்குறவங்க நோட்டீஸ்ல பெரிய எழுத்துல போடுறது இந்த ஆர்-ஸ்கொயரைத்தான். அது சொல்றது ஒண்ணே ஒண்ணு: இது ஏறும்போது அதுவும் ஏறுதா, எவ்வளவு ஒழுங்கா? அளவு சரியான்னு அது சொல்லவே சொல்லாது. எல்லா நேரமும் ரெண்டு மடங்கு காட்டுற கருவிக்கும் ஆர்-ஸ்கொயர் 1 வரும். இன்னொரு பக்கம், தினமும் காத்து ஒரே அளவுல இருக்குற ஊர்ல நல்ல கருவிக்கும் அது குறைவா வரும், ஏன்னா ஏற இறங்க ஒண்ணுமே இல்லை. ஒரே ஒரு போகி நாள் மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துடும். அதனாலதான் அந்த 2021 வழிகாட்டி ஆர்-ஸ்கொயரோட நிறுத்தலை. குறைஞ்சது மூணு சென்சார், 30 நாள், வேற வேற தட்பவெப்பம் இருக்குற ரெண்டு சூழல்ல வைக்கச் சொல்றாங்க. ஆர்-ஸ்கொயர் 0.70க்கு மேல, அதோட சாய்வு 0.65லேர்ந்து 1.35க்குள்ள, பூஜ்யத்துல விலகல் 5 மைக்ரோகிராமுக்குள்ள, பிழையோட அளவு 7 மைக்ரோகிராமுக்குள்ள இல்லைன்னா 30 சதவீதத்துக்குள்ள. நாலையும் சேர்த்துப் பார்த்தாதான் கருவியோட முகம் தெரியும்.

ஈரம் பண்ற வேலை

சாய்வு பார்த்தேன். என் சென்சார் அரசு நிலையத்தை விட அதிகமாவே காட்டிச்சு, முக்கியமா விடியற்காலையில. விடியற்காலையில காத்து நிஜமாவே மோசம்தான், குளிர்ந்த காத்து கீழயே தங்கிடும், புகை மேல போகாது. ஆனா அந்த நேரத்துல ஈரப்பதமும் அதிகம். கடல் உப்பு 75 சதவீத ஈரப்பதம் தாண்டினா தண்ணியை இழுத்து உப்பிப் போய் துளியாவே ஆயிடும். துகள் பெருத்துடும், வெளிச்சத்தை அதிகமாச் சிதறடிக்கும், சென்சார் "தூசி கூடிப்போச்சு"ன்னு கத்தும். பீட்டா கருவியில காத்து உள்ள வரும்போதே லேசாச் சூடு பண்ணி ஈரத்தை விரட்டிடுவாங்க. நம்மளதுல அந்த வசதி இல்லை. சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல இது சின்னப் பிரச்சனை இல்லை.

இதுக்கு ஒரு பிரபலமான திருத்தச் சூத்திரம் இருக்கு. 2021ல அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் 16 மாநிலங்கள்ல 39 இடங்கள்ல பர்ப்பிள்ஏர் கருவியை அரசுக் கருவிகளுக்குப் பக்கத்துல வச்சுக் கண்டுபிடிச்சது. சென்சார் நம்பரை 0.524ஆல் பெருக்கணும், ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழிக்கணும், 5.75 கூட்டணும். சென்சார் 100 காட்டி, ஈரப்பதம் 50 சதவீதம்னா, திருத்தின விடை சுமார் 54. கிட்டத்தட்ட பாதி! அதாவது இந்த சென்சார் அங்க காத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு காட்டுது.

நானும் முதல்ல அதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணினேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பழக்கம். ஆனா அந்த 0.524 அமெரிக்காவோட தூசிக்கும், அவங்க ஈரத்துக்கும் பொருந்தின எண். நம்ம ஊர்ல கடல் உப்பு, டீசல் புகை, குப்பை எரிக்கிற புகை, கட்டட தூசி. கலவை மாறினா எண் மாறும். திருத்தம்ங்கிறது கருவியோட குணம் மட்டும் இல்லை, அது நிக்குற இடத்தோட குணமும்கூட. மாடியிலேர்ந்து எடுத்து மணலியில வச்சா திரும்பக் கணக்குப் போடணும்.

பச்சை ஏன் பச்சை?

இவ்வளவு பண்ணியும் அம்மாவோட பெட்ஷீட் கேள்விக்குப் பதில் இல்லை. சென்சார் அதிகமாத்தானே காட்டுது? அப்புறம் ஏன் இவ்வளவு தூசி பறக்கும்போது பச்சை?

விடை வெளிச்சத்துல இருக்கு. ஒரே எடைக்கு, அரை மைக்ரான் அளவுல இருக்குற புகைத் துகள் ரொம்ப அதிகமா ஒளியைச் சிதறடிக்கும். 5, 8 மைக்ரான் இருக்குற கல் தூசி, அதே எடைக்கு ரொம்பக் கம்மியாச் சிதறடிக்கும். போதாக்குறைக்கு அந்தச் சின்ன ஃபேன் இழுக்குற காத்து உள்ள வளைஞ்சு வளைஞ்சு போகுது. பெரிய துகள் அந்த வளைவுல திரும்ப முடியாம சுவத்துல ஒட்டிக்கும், லேசர் வரைக்கும் வர்றதே இல்லை. சென்சார் பிஎம் 10னு ஒரு நம்பர் தருது பாருங்க, அது பெரும்பாலும் சின்னத் துகளை வச்சு ஊகிச்சுச் சொல்ற நம்பர். பெரிய துகளை அது பார்க்கவே இல்லை.

போகி புகைக்கு அதிகம், ஜல்லித் தூசிக்குக் குருடு. ஒரே கருவி, ஒரே மாடி.

இதை அங்கிள்கிட்ட சொன்னப்ப அவர் முகம் மாறிடுச்சு. ஏன்னா அதுக்குள்ள அவர் மனு டைப் பண்ணி, என் கிராஃபை இணைப்பா வச்சுட்டார். அந்த கிராஃபை வாரியத்துல குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? "உங்க கருவியே பிஎம் 10 வரம்புக்குள்ளதான் இருக்குன்னு சொல்லுதே சார்"னு எதிர்த்தரப்பு அதையே எடுத்துக் காட்டியிருப்பாங்க. எங்க கையாலயே எங்க புகாரைக் கொன்னிருப்போம்.

இன்னொரு ஓட்டையும் அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. கரண்ட் போனா எங்க ஜெனரேட்டர் ஓடும், டீசல் புகை மாடிக்கு வரும். அதே நேரத்துல வைஃபை ரவுட்டர் செத்து எழுந்திருக்கும், சென்சார் சில நிமிஷம் டேட்டா அனுப்பாது. அதாவது காத்து மோசமா இருக்குற நிமிஷங்களாப் பார்த்து டேட்டா காணாமப் போகுது. மொத்தத்துல 95 சதவீதம் டேட்டா இருக்குன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். காணாமப் போன அஞ்சு எந்த அஞ்சுன்னு யோசிக்கலை. இப்ப போர்டுலயே ஒரு மெமரி கார்டும் சின்ன பேட்டரியும் வச்சிருக்கேன்.

ஃபில்டர் வந்த ரெண்டு நாள்

கடைசியில அசோசியேஷன் காசு போட்டு, அங்கீகாரம் பெற்ற ஒரு லேபை வரவழைச்சோம். ஏன் ரெண்டு நாள்? நம்ம 2009 தேசியக் காற்றுத் தர அறிவிக்கையோட அடிக்குறிப்புல ஒரு வரி இருக்கு: தொடர்ந்து ரெண்டு நாள் அளவீடு வரம்பைத் தாண்டினா, அந்த இடத்துல முறையா கண்காணிக்கவும் மேற்கொண்டு விசாரிக்கவும் அது போதுமான காரணம். பிஎம் 10க்கு 24 மணி நேர வரம்பு 100. அங்கிள்தான் அந்த அடிக்குறிப்பைக் கண்டுபிடிச்சார். பேங்க் சர்க்குலர் படிச்ச கண்ணு.

லேப் பையன் ரெண்டு கருவி கொண்டு வந்தான், பிஎம் 10க்கு ஒண்ணு, பிஎம் 2.5க்கு ஒண்ணு. நான் நாலு மாசம் படிச்ச திமிர்ல கூடவே நின்னு கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். "ஃப்ளோ செக் பண்ணுவீங்களா?" "பண்ணுவோம் சார்." "முன்னாடியும் பின்னாடியுமா?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனா செஞ்சான்.

ஃப்ளோ ஏன் அவ்வளவு முக்கியம்னா, ஃபில்டர் முறையும் கடவுள் வாக்கு இல்லை. ஃபில்டருக்கும் ஃப்ளோ மீட்டருக்கும் நடுவுல ஒரு ரப்பர் வாஷர் தளர்ந்திருந்தா, பம்ப் அந்த ஓட்டை வழியா வெளிக் காத்தை இழுக்கும். மீட்டர் 16.67 சரியா காட்டும், ஆனா ஃபில்டர் வழியா 15 லிட்டர்தான் போயிருக்கும். தூசி குறைவாச் சேரும், விடை பத்து சதவீதம் குறையும். அதே நேரத்துல, பெரிய துகளைப் பிரிச்சு வெளிய தள்ளுற சைக்ளோன் அந்தக் காத்து வேகத்தை நம்பித்தான் வேலை செய்யுது. வேகம் குறைஞ்சா 2.5ஐ விடப் பெருசும் உள்ள நுழையும், விடை கூடும். ஒண்ணு கீழ இழுக்க, ஒண்ணு மேல இழுக்க, கடைசி நம்பர் பார்க்கச் சரியா இருக்கும். இப்படி ரெண்டு தப்பு சேர்ந்து சரியாத் தெரியுறதுதான் ரொம்ப ஆபத்து. அதனாலதான் லீக் செக், தனிக் கருவி வச்சு ஃப்ளோ செக். அமெரிக்க விதியில அந்தத் தனிக் கருவியோட 4 சதவீதத்துக்குள்ள ஒத்துப்போகணும்.

இன்னொரு ஃபில்டரை அவன் மாடிக்குக் கொண்டு வந்து, கருவியில மாட்டி, காத்து இழுக்காமலே கழட்டித் திரும்பக் கொண்டு போனான். "இது எதுக்கு?"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. அதுதான் ஃபீல்டு பிளாங்க். கையில எடுத்தது, பையில வச்சது, பைக்ல போனது, இதுலயே எவ்வளவு எடை கூடுதுன்னு பார்க்க. அமெரிக்க அளவுகோல்ல 30 மைக்ரோகிராம் வரைக்கும் விடுறாங்க. 24 கன மீட்டருக்கு அது 1.25 மைக்ரோகிராம். வரம்பு 60ங்கிறப்ப அது ஒண்ணும் பெருசில்லை. ஆனா உலக சுகாதார அமைப்பு 2021ல சொன்ன வருடாந்திர அளவு 5. அந்த மாதிரி சுத்தமான ஊர்ல 1.25ங்கிறது கால் பங்கு. எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்சது இந்த வெறும் ஃபில்டர்தான். ஒண்ணுமே பண்ணாததுக்கு ஒரு அளவு எடுத்து வச்சிருக்காங்க.

முதல் நாள் ராத்திரி கரண்ட் போச்சு. நான் பதறிப்போய் மாடிக்கு ஓடினேன். கருவியில ஓடின நேரத்தைத் தனியா எண்ணுற மீட்டர் இருந்தது, ஜெனரேட்டர் லைன்ல மாட்டியிருந்ததால ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் போச்சு. 23லேர்ந்து 25 மணி நேரத்துக்குள்ள ஓடியிருந்தா அமெரிக்க முறையில செல்லும், நாங்க அதுக்குள்ளதான் இருந்தோம்.

ரிப்போர்ட் வந்தது. பிஎம் 2.5ல என் சென்சாரோட திருத்தின நம்பரும் ஃபில்டரும் கிட்டக் கிட்ட. பிஎம் 10ல என் சென்சார் சொன்னதைப் போல மூணு மடங்குக்கு மேல ஃபில்டர் சொல்லுது. ரெண்டு நாளும் 100ஐத் தாண்டிடுச்சு. பழுப்பு ஃபில்டரோட ஃபோட்டோவை அம்மாவுக்குக் காட்டினேன். "இதைத்தானே நான் பெட்ஷீட்ல காட்டினேன்"னாங்க.

மனுவுல இப்ப என் கிராஃப் இல்லை. ஃபில்டர் ரிப்போர்ட், ஃப்ளோ காலிப்ரேஷன் சான்றிதழ், ஃபீல்டு பிளாங்க் எடை, இது மூணும்தான் இருக்கு. மூணு சென்சாரும் மாடியிலேயே இருக்கு. ராத்திரி யாராவது பின்னாடி குப்பையை எரிச்சா உடனே சொல்லிடும், அதுக்கு அது போதும். பேத்தியை எப்ப கீழ விளையாட விடலாம்னு அங்கிள் அதைத்தான் பார்க்குறார், ஆனா கூடவே கார் பானெட்டை விரலால தடவியும் பார்க்குறார்.

அதிகாரி ஒருத்தர் வந்து பார்த்தார். நல்லாப் படிச்சார். படிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இது பிளான்ட் தூசின்னு எப்படிச் சொல்றீங்க? முன்னாடி மெயின் ரோட்டுப் புழுதியா ஏன் இருக்கக் கூடாது?" எங்ககிட்ட பதில் இல்லை. மதியம் கடல் காத்து ஒரு பக்கம் அடிக்கும், ராத்திரி எதிர்ப்பக்கம் அடிக்கும். அப்படின்னா பிளான்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அளக்கணும், காத்து திசையையும் சேர்த்துப் பதிவு பண்ணணும். காத்தோட வேகமும் திசையும் அளக்குற ஒரு கருவி ஆர்டர் போட்டிருக்கேன். அது சரியா காட்டுதான்னு எப்படிப் பார்க்குறதுன்னு அங்கிள் இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டார். அது அடுத்த எபிசோடுல.